கே2-7 சேர்த்த எலும்பு மாத்திரை: வாங்குமுன் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி வரைக்கும், பாலம் தாண்டினால் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வரைக்கும், எந்த மெடிக்கலில் ஏறி "முட்டி வலிக்குதுண்ணே, எலும்புக்கு நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க" என்று கேட்டாலும் இப்போது பெரும்பாலும் வெறும் கால்சியம் வருவதில்லை. கால்சியம், வைட்டமின் டி, மெக்னீசியம், துத்தநாகம், பி12, இவற்றோடு "வைட்டமின் கே2-7" என்று கொட்டை எழுத்தில் போட்ட பளபளப்பான அட்டை வருகிறது. பத்து மாத்திரை நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் தொடங்கி, கம்பெனியைப் பொறுத்து முந்நூறைத் தாண்டிப் போகும். பெயர்கள் ஏராளம், உள்ளே இருக்கும் கூட்டு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இந்த மதிப்புரை எந்தக் கம்பெனியையும் குறித்ததல்ல, இந்தக் கூட்டு மாத்திரையைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கீரை, முட்டை, பால் சாப்பிடுகிறவருக்கு அதிலுள்ள கே2 பெரிய வித்தியாசம் எதுவும் செய்யாது. இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவருக்கு அதே கே2 பெரிய வித்தியாசம் செய்யும். அது செய்யக்கூடாத வித்தியாசம்.

அட்டையைத் திருப்பிப் பிடித்து, பொடி எழுத்தைப் படியுங்கள். வழக்கமான கூட்டு இப்படி இருக்கும்: கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் (இதில் உடம்புக்குக் கிடைக்கும் கால்சியம் 500 மில்லிகிராம்), வைட்டமின் டி3 அல்லது கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம், மெத்தில்கோபாலமின் (பி12) 1500 மைக்ரோகிராம், கே2-7 45 மைக்ரோகிராம். அந்தக் கடைசி எண்ணில்தான் விளம்பரம் முழுக்க நிற்கிறது. அதையே கவனமாகப் பார்க்கவேண்டும்.

ஜப்பானில் எலும்புத் தேய்மானத்துக்கு வைட்டமின் கே2 மருந்தாகவே அங்கீகரிக்கப்பட்டு 1995 முதல் விற்பனையில் இருக்கிறது என்பது உண்மை. விற்பனைப் பிரதிநிதிகள் டாக்டர்களிடம் இதைச் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் அங்கே கொடுப்பது எம்.கே-4 என்ற வகை, நாளுக்கு 45 மில்லிகிராம். இங்கே அட்டையில் கே2-7 என்று இருப்பது எம்.கே-7 என்ற வேறு வகை, 45 மைக்ரோகிராம். இரண்டுக்கும் எண் 45தான்; அளவு ஆயிரத்தில் ஒன்று. எம்.கே-7 உடம்பில் நெடுநேரம் தங்கும் என்பதால் குறைந்த அளவே போதும் என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. அப்படிப் பார்த்தாலும், எலும்புக்குப் பலன் கண்ட ஆய்வில் கொடுத்தது 45 அல்ல. நெதர்லாந்தில் மாதவிடாய் நின்ற 244 பெண்களுக்கு மூன்று வருடம் தினமும் 180 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியிலும் தேய்மானம் கொஞ்சம் மெதுவானது. இடுப்பு முழுவதையும் சேர்த்து அளந்தபோது மாற்றமில்லை. பிறகு டென்மார்க்கில் 375 மைக்ரோகிராமை, கால்சியம், டி இரண்டையும் சேர்த்து, அதே மூன்று வருடம் கொடுத்தார்கள். எலும்படர்த்தியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நம் கடையில் வாங்குவதும் கால்சியத்தோடும் டியோடும் சேர்ந்த கூட்டுதான் என்பதால், நமக்கு நெருங்கிய சோதனை இந்த இரண்டாவதுதான்.

"ரத்தக்குழாயில் படியும் சுண்ணாம்பைக் கரைத்துவிடும்" என்று பெட்டி மேலேயே போட்டிருப்பார்கள், அல்லது கவுண்டரில் இருக்கும் தம்பி சொல்வார். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. வைட்டமின் கே உடம்பில் செய்கிற வேலை அடிப்படையில் ஒன்றுதான்: சில புரதங்களில் இருக்கும் குளுட்டாமிக் அமிலத்தோடு இன்னொரு கார்பாக்சில் தொகுதியைச் சேர்ப்பது. அது சேர்ந்த பிறகுதான் அந்தப் புரதம் கால்சியத்தைப் பிடிக்கும். மழுங்கிய தூண்டிலுக்கு முள் வைத்துக் கொடுப்பது மாதிரி. ஈரலில் உருவாகும் ரத்தம் உறையும் காரணிகள் 2, 7, 9, 10 நான்குக்கும் இந்த முள் வேண்டும். உறைதலைக் கட்டுக்குள் வைக்கும் புரதம் சி, புரதம் எஸ் இரண்டுக்கும் வேண்டும். எலும்பில் இருக்கும் ஆஸ்டியோகால்சினுக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் எம்.ஜி.பி. என்ற புரதத்துக்கும் வேண்டும். ஆகவே கே குறைந்தால் குழாயில் சுண்ணாம்பு ஏறலாம் என்பது நியாயமான ஊகம்தான். ஆனால் ஏற்கெனவே படிந்ததை மாத்திரை நிறுத்துமா என்று டென்மார்க்கில் 365 ஆண்களிடம் இரண்டு வருடம், தினமும் 720 மைக்ரோகிராம் எம்.கே-7 கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி கூடவே கொடுக்கப்பட்டது. 2022இல் வெளிவந்த முடிவு: இதயத்தின் பெருந்தமனி வால்வில் சுண்ணாம்பு ஏறுவது குறையவில்லை. 720இல் நடக்காதது 45இல் நடக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எம்.கே-7க்கு நல்ல மதிப்பெண் போடலாம். ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிற தொல்லைக்கு, வயதானவர்களிடம் தினம் 180 மைக்ரோகிராம் எட்டு வாரம் கொடுத்து சீனாவில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. இழுப்பு வருகிற தடவைகள் நன்றாகவே குறைந்தன. நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி எடுக்கிற பெண்களுக்கு இந்தக் கெண்டைக்கால் இழுப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது ஒரே ஒரு ஆய்வு, அளவு அட்டையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. அதற்காக இந்தக் கூட்டு மாத்திரையை நாளுக்கு நான்கு விழுங்கினால் கால்சியம் இரண்டாயிரம் மில்லிகிராம் ஆகிவிடும். அது மலச்சிக்கலில் தொடங்கி சிறுநீரகக் கல் வரை கொண்டுபோய் விடலாம்.

இனி அசிட்ரோம் விவகாரம். சின்ன வயதில் தொண்டைப்புண்ணும் மூட்டுக் காய்ச்சலுமாக வந்து, பிறகு வால்வு கெட்டு, மதுரையிலோ சென்னையிலோ உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் இந்தக் கரையோர ஊர்களிலும் இருக்கிறார்கள். இவர்கள் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும் அசெனோகூமராலோ (அசிட்ரோமில் இருப்பது இதுதான்) வார்ஃபரினோ, பயன்படுத்தி முடித்த வைட்டமின் கேயை உடம்பு புதுப்பித்து மறுபடி எடுத்துக்கொள்ளும் பாதையை அடைக்கிறது. காரணிகளுக்கு முள் போதாமல் போகிறது, ரத்தம் உறைவது தாமதமாகிறது. எவ்வளவு தாமதம் என்று அளப்பதுதான் ஐ.என்.ஆர். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் நடுவில் வைப்பார்கள்.

இந்த ஆள் முட்டி வலி என்று கடைக்குப் போய் எலும்பு மாத்திரை வாங்கினால் என்ன நடக்கும்? கீரையில் இருக்கும் கே1 ரத்தத்தில் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். எம்.கே-7 பாதியாகக் குறையவே சுமார் மூன்று நாள் ஆகும். தினமும் ஒன்று விழுங்கினால் சேர்ந்துகொண்டே போகும். இந்த வகை மருந்து சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு தினம் 10 மைக்ரோகிராம் எம்.கே-7கூட ஐ.என்.ஆரைக் கலைக்கப் போதும் என்று ஆய்வு உண்டு. அட்டையில் இருப்பது 45. மாத்திரை அளவு மாறாமலே இருக்க, ஐ.என்.ஆர். மட்டும் சத்தமில்லாமல் இரண்டுக்குக் கீழே இறங்கும். வலி இருக்காது, அறிகுறி இருக்காது. வால்வில் ரத்தக்கட்டி பிடித்த பிறகுதான் தெரியும்: படி ஏறினால் மூச்சு வாங்கும், இரவில் அமைதியில் காதில் விழுந்துகொண்டிருந்த வால்வின் டிக் டிக் மங்கிப்போகும், அல்லது கை கால் ஒரு பக்கம் விழும். சத்தம் மங்கியதாகத் தோன்றினாலே அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது.

கடையில் நடக்கிற குழப்பம் ஒன்று இதில் உண்டு. நம்மூரில் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அசிட்ரோம் எல்லாவற்றுக்கும் "ரத்தம் நீர்க்கிற மாத்திரை" என்று ஒரே பெயர். ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் தட்டணுக்களில் வேலை செய்பவை. வைட்டமின் கேயோடு அவற்றுக்குச் சம்பந்தமே இல்லை. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் சாப்பிடுகிறவர் கீரையைக் கண்டும் கே2வைக் கண்டும் பயப்பட வேண்டாம். அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் போன்ற புது மாத்திரைகளும் அப்படித்தான். (இவை உலோக வால்வுக்கு ஆகாது, அதனால் வால்வு வைத்தவர் "புதுசா வந்திருக்கே, அதை மாத்திக்கலாமா" என்று தானாக மாற்றிவிடக் கூடாது.) சிக்கல் முழுக்க அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டில்தான். ஆகவே கடையில் கேட்கும்போது "ரத்த மாத்திரை" என்று சொல்லாமல், சாப்பிடும் அட்டையையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். சீட்டு கேட்காமல், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் எலும்பு மாத்திரை எடுத்துத் தருகிற கடை எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும் நாம் ஒரு நட்சத்திரம்கூடத் தரமாட்டோம்.

அதே மூச்சில் இன்னொன்று: வால்வு வைத்தவர் முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் கேட்டு வாங்கக் கூடாது. அது கேயைத் தொடாது, ஆனால் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்தக் கரைக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. மீனில் வைட்டமின் கே மிகக் குறைவு, கருவாட்டிலும் அப்படியே. கீரையில் அள்ளிக் கிடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையேறிவிட்டால் மீன் விலை எகிறும், வீட்டுக் குழம்புச்சட்டி மெதுவாகக் கருவாடு, முட்டை, முருங்கைக்கீரை பக்கம் திரும்பும். அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு அந்த மாற்றம் ஐ.என்.ஆரில் தெரியும்: கீரை கூடினால் எண் இறங்கும். தடை முடிந்து கீரை குறைந்தால் எண் ஏறி, பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். இதற்கு வழி கீரையை ஒதுக்குவதல்ல. "வால்வு வெச்சவங்க கீரையே தொடக்கூடாது" என்று பயமுறுத்துவது தப்பான அறிவுரை. கே அடியோடு குறைந்தவர்களுக்குத்தான் ஐ.என்.ஆர். சின்ன மாற்றத்துக்கெல்லாம் கன்னாபின்னாவென்று ஆடும். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் வருடம் முழுக்க இரண்டு நாள், ஏறத்தாழ அதே அளவு. தடைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரத்தில் ஒரு பரிசோதனை, முடிந்து இரண்டாவது வாரத்தில் ஒன்று. கீழக்கரைப் பக்கம் நோன்பு மாதத்தில் சாப்பாட்டு நேரமும் வகையும் மாறுவதால் அப்போதும் ஒன்று செய்துகொள்வது நல்லது.

எண்ணெய் மாற்றினாலும் கணக்கு மாறும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி சோயா எண்ணெயில் ஏறத்தாழ 25 மைக்ரோகிராம் கே உண்டு. நல்லெண்ணெயில் அதே அளவுக்கு இரண்டு மைக்ரோகிராம்தான். கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் ஒன்றுகூடத் தேறாது.

சரி, அசிட்ரோம் சாப்பிடாத சாதாரண ஆளுக்கு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் சொன்ன அளவு நாளுக்கு 55 மைக்ரோகிராம். அதனால்தான் அட்டையில் 45க்கு நேரே "82%" என்று பெருமையாகப் போட்டிருக்கும். ஒரு கைப்பிடி, பத்து கிராம், பச்சைக் கொத்தமல்லித் தழையிலேயே முப்பது மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரு கிண்ணம் கீரை மசியலில் நூறு, இருநூறு என்று போகும். கீரையின் கே1 முழுவதும் உடம்பில் சேராது, சிறு பங்குதான் சேரும், அதற்கும் எண்ணெய்ப் பசை வேண்டும் என்பதைக் கணக்கில் எடுத்தாலும் குறை வராது. தேங்காயெண்ணெயில் தாளித்து, துவரம்பருப்பு போட்டுக் கடைந்த முருங்கைக்கீரை அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டிய கீரை சூப்புதான் வீண். எம்.கே-7 அதிகம் உள்ள உணவு, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானியரின் நாட்டோ, நூறு கிராமில் ஆயிரம் மைக்ரோகிராமை ஒட்டி இருக்கும். "நம்ம இட்லி மாவும் புளிச்சதுதானே" என்று கேட்கிறவர்களுக்கு: அதைப் புளிக்கவைப்பது வேறு கிருமி, எம்.கே-7ஐ எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையிலேயே கே குறைபாடு வருகிறவர்கள் வேறு ஆட்கள். பித்தப்பைக் கல் குழாயை அடைத்து மஞ்சள் காமாலை வந்தவர்கள், நாள்பட்ட ஈரல் நோயாளிகள், சாப்பிட முடியாமல் படுத்து நெடுநாள் செஃபோபெரசோன் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி ஏற்றிக்கொண்டவர்கள், கொழுப்பைச் செரிக்கவிடாமல் தடுக்கும் ஆர்லிஸ்டாட் சாப்பிட்டு உடம்பு இளைக்க முயல்கிறவர்கள். இவர்களுக்கும் இந்த மாத்திரை வழியல்ல. பித்தநீர் குடலுக்கு வராதவர்களுக்கு வாய்வழி வைட்டமின் கே சரியாகச் சேராது; அவர்களுக்கு ஊசியாக கே1 போடவேண்டும்.

பிறந்த குழந்தைக்கும் அதே ஊசிதான். குழந்தை கேயைச் சேமித்துக்கொண்டு பிறப்பதில்லை, தாய்ப்பாலிலும் அது மிகக் குறைவு. இரண்டாம் நாளிலிருந்து முதல் வாரத்துக்குள் தொப்புளிலும் மலத்திலும் ரத்தம் வரலாம். அதைவிட மோசம், முழுக்கத் தாய்ப்பால் குடித்து நன்றாக இருந்த குழந்தைக்கு ஒரு மாதம், இரண்டு மாதத்தில் மூளைக்குள் கசிவது. தொடையில் கே1 ஒரு மில்லிகிராம், பிறந்தவுடன், ஒரே ஊசி. ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு அரை மில்லிகிராம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். "நான்தான் கே2 மாத்திரை சாப்பிடுறேனே, பால் வழியா போயிடும்" என்று ஊசியை மறுக்கிற தாய்க்கு, அந்த 45 மைக்ரோகிராம் ஈடாகாது என்று யாராவது மதினியோ மாமியோ எடுத்துச் சொல்லவேண்டும். வீட்டில் பிரசவம் நடந்திருந்தால் அன்றே போய்ப் போட்டுக்கொள்வது முக்கியம்.

இத்தனைக்கும் பிறகு, டாக்டர் எழுதிக் கொடுத்தோ விருப்பப்பட்டோ வாங்குவதானால் பார்க்கவேண்டியவை சில. எம்.கே-7 வெளிச்சத்தில் கெடும். கால்சியம் கார்பனேட், மெக்னீசியம் ஆக்சைடு போன்ற காரத்தன்மையுள்ள உப்புகளோடு ஒரே மாத்திரையில் கிடந்தால் இன்னும் வேகமாகக் கெடும். அதாவது இந்தக் கூட்டின் அமைப்பே அதற்கு எதிரி. நுண்ணுறை பூசிய எம்.கே-7 என்றால் தாக்குப்பிடிக்கும். "ஆல்-டிரான்ஸ்" என்று போட்டிருந்தால் வேலை செய்கிற வடிவம் என்று பொருள். இரண்டும் இல்லாத அட்டையில் 45 என்று போட்டிருப்பது தயாரித்த அன்றைய கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாத்திரை தெரிகிற கண்ணாடித்தாள் அட்டை வேண்டாம். இரண்டு பக்கமும் அலுமினியம் உள்ளது வாங்குங்கள். ஜெலட்டின் கேப்சூல் நம் ஊர் உப்புக்காற்றிலும் சித்திரை வெயிலிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் வருவதை வாங்கினால் உள்ளே இருக்கும் சிலிக்கா பையைத் தூக்கி எறியாதீர்கள்.

டி இருக்கும் வரியையும் படியுங்கள். கால்சிட்ரியால் என்றிருந்தால் அது டியின் செயல்படும் வடிவம், சாதா டி3 அல்ல. அதோடு வாரம் ஒரு 60,000 யூனிட் டி3யும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தத்தில் கால்சியம் எல்லை மீறலாம்: வாந்தி, அடிக்கடி சிறுநீர், தலைச்சுற்றல், குழப்பம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதினான்கு இலக்க எண் இருந்தால் அது சட்டப்படி மருந்தல்ல, ஊட்டச்சத்துப் பொருள். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகமும் பொடியாக எங்காவது இருக்கும். மருந்து அலமாரியில் வைத்து விற்பதால் மருந்தாகிவிடாது.

சாப்பிடுவது மதியச் சாப்பாட்டோடு. எண்ணெய் உள்ள சாப்பாட்டோடு கே சேரும், கால்சியம் கார்பனேட்டும் அப்போதுதான் நன்றாகச் சேரும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. இரும்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். எலும்புக்கு கால்சியமும் டியும் மட்டும் போதும் என்றால் மக்கள் மருந்தகத்தில் இதைவிட மிகக் குறைந்த விலைக்குச் சாதா மாத்திரை கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தருகிறார்கள்.

அசிட்ரோம் சாப்பிடுகிற ஒருவர் இதைப் படிக்கும்போது ஏற்கெனவே ஒரு மாதமாகக் கே2 மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், பதறிப்போய் இன்றே தூக்கி எறிவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த ஒரு மாதத்தில் ஐ.என்.ஆர். இறங்கியது கண்டு டாக்டர் அசிட்ரோம் அளவைக் கூட்டியிருக்கலாம். கே2 நின்றதும், கூட்டிய அந்த அளவு இப்போது அதிகப்படி ஆகி, எண் நான்கு, ஐந்து என்று ஏறிவிடும். முதலில் ஐ.என்.ஆர். பாருங்கள். இரண்டு அட்டைகளையும் டாக்டரிடம் காட்டி, எந்த நாள் நிறுத்துவது, அசிட்ரோமை எவ்வளவு குறைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்திய மூன்றாம் நான்காம் நாளில் ஒரு பரிசோதனை, பத்தாம் நாளை ஒட்டி இன்னொன்று, பிறகு எண் நிலைக்கும் வரை வாரம் ஒன்று. இடையில் சிறுநீர் சிவந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் நேரே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது அந்த எலும்பு மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.